துணி விட்டுத் தைத்த கண்

அருக்காணிக்குக் கண்திறப்பு நடந்த அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். செவ்வாய்க் கிரகத்தில் வாழை வளராது என்பதால் அது ஒளியால் வரைந்த வாழைமரம்; ஆனாலும் குலை தள்ளியிருந்தது. பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தையைத் தாய்மாமன் பட்டு வேட்டி சலசலக்க மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் நாகசுரம், இன்னொரு பக்கம் அறுவை இயந்திரம். கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியதும் இயந்திரத்தின் மெல்லிய கை இறங்கி, குழந்தையின் கண்ணுக்குள் வெளுத்துக் கிடந்த வில்லையை உறிஞ்சி எடுத்தது. அந்த இடத்தில் புது வில்லை ஒன்றைச் சுருட்டி உள்ளே செலுத்தி விரித்தது. மேளம் ஓய்வதற்குள் இரண்டு கண்ணும் முடிந்தன. குழந்தை அழுததா என்று பார்க்க யாரும் நிற்கவில்லை. முதல் பந்தியில் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

புதுத் திருப்பூரில் இதெல்லாம் காதுகுத்து மாதிரி. செவ்வாயின் காற்று மெல்லியது. விண்வெளியிலிருந்து பொழிகிற கதிர்வீச்சை அது தடுப்பதில்லை. குடியிருப்பின்மேல் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக் கவிகையும் முழுக்கத் தடுப்பதில்லை. அதனால் அங்கே பிறக்கிற எல்லாக் குழந்தைகளும் கண்புரையோடுதான் பிறந்தார்கள். முதலில் குடியேறிய தலைமுறை அதைப் பார்த்து அழுதது. இரண்டாம் தலைமுறை அறுவை செய்யக் கற்றுக்கொண்டது. மூன்றாம் தலைமுறை பத்திரிகை அடித்துப் பந்தி போட ஆரம்பித்துவிட்டது.

வில்லையை மாற்றுவது பெரிய காரியமே இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் பாடு. குழந்தை வளரும், கூடவே கண்ணும் வளரும், உள்ளே வைத்த வில்லை வளராது. சுண்டைக்காய் அளவில் இருக்கிற கண் பெரியவர்களாகும்போது நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிடும். சுண்டைக்காய்க்குப் பொருத்தமாக வில்லை வைத்தால் நெல்லிக்காய் ஆகும்போது எட்ட இருப்பது எதுவும் தெரியாது. ஆகவே மருத்துவர்கள் நாளைக்கு வரப்போகிற நெல்லிக்காயை மனத்தில் வைத்தே வில்லையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைக்குப் போதாமல் இருக்கிற மிச்சத்தை முகத்துக்கு முன்னால் ஒரு தடித்த கண்ணாடி ஈடுகட்டும். அதற்கு நிரப்புக் கண்ணாடி என்று பெயர். கண் வளர வளரக் கண்ணாடியின் தடிமன் குறைந்துகொண்டே வந்து, பிள்ளை தோளுக்கு மேல் வளரும்போது கழன்றுவிடும்.

யாருடைய கண் எவ்வளவு வளரும் என்று எந்த மருத்துவராலும் சத்தியம் செய்ய முடியாது. அதற்காகத்தான் உள்வில்லையில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். தனி வகை ஒளியைப் பாய்ச்சி அதை ஒரே ஒருமுறை மாற்றி அமைக்கலாம். பிறகு அது இறுகிவிடும், ஆயுசுக்கும் அப்படியேதான். ஒற்றைத் திருத்தம் என்ற இந்த வாய்ப்பை வளர்ச்சியெல்லாம் நின்றபிறகு செலவழிப்பதுதான் முறை. ஆனால் கையில் இருக்கிற ஒன்றைச் செலவழிக்காமல் பதினைந்து பதினாறு வருடம் சும்மா வைத்திருப்பது எத்தனை கஷ்டம் என்று பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் தெரியும்.

அருக்காணியின் அப்பா சென்னியப்பனால் முடியவில்லை.

சென்னியப்பன், வெளியுடை தைக்கும் கூடத்தில் கட்டிங் மாஸ்டர். கவிகைக்கு வெளியே போகிறவர்கள் உயிரோடு திரும்பி வருவது அந்த உடையின் புண்ணியம். துணியை இயந்திரம் வெட்டிவிடும். எங்கே வெட்டவேண்டும் என்று கோடு போட்டுக் கொடுப்பது சென்னியப்பன். அவன் போட்ட கோட்டில் வந்த உடைகள் எல்லாமே ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தன. புதுத் திருப்பூர்க்காரர்கள் வெளியே நடப்பதைப் பார்த்தால் மெத்தைகள் நடப்பதுபோல் இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை. மாஸ்டர் முன்யோசனைக்காரர், பின்னால் பிரித்துவிட்டுக்கொள்ள உள்ளே துணி விட்டிருக்கிறார் என்று மெச்சினார்கள். சென்னியப்பனும் அப்படித்தான் தன்னைப்பற்றி நினைத்துக்கொண்டிருந்தான்.

வீட்டிலும் அதே முன்யோசனைதான். நாலு வயது அருக்காணியின் கவுன் கணுக்காலைத் தாண்டித் தொங்கும். ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். செருப்பின் முனையில் பஞ்சு அடைத்திருக்கும். இதற்கெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான் உண்டு. "வளர்ற புள்ளை."

அவள் முகத்தில் இருந்த கண்ணாடி மட்டும் அவனுக்கு ஆகவில்லை. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். புதுத் திருப்பூரில் எல்லாப் பிள்ளைகளுமே போடுகிற கண்ணாடிதான். ஆனால் மற்ற பிள்ளைகள் போடுவது வேறு, தன் பிள்ளை போடுவது வேறு. கல்யாணம் காட்சிக்குப் போனால் வாசலிலேயே அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். ஒரு கல்யாணத்தில் கண்ணாடி இல்லாத அருக்காணி மேடையேறிப் போய் யாரோ ஒருவர் மடியில் உட்கார்ந்து, "அப்பா, வூட்டுக்குப் போலாமுங்க" என்றாள். அவர் மாப்பிள்ளை. பெண் வீட்டார் கொஞ்ச நேரம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கண்ணாடி போட்டிருந்தாலும் விடமாட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் இரண்டு விரலோ மூன்று விரலோ அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "கண்ணு, இது எத்தனை?" என்று கேட்பார்கள். நிரப்புக் கண்ணாடி போட்ட பிள்ளையைக் கண்டால் விரலை மடக்கி வைத்துக்கொள்ள அந்த ஊரில் யாராலும் முடியவில்லை. எதிர்வீட்டுப் பருவதம் மின்தூக்கியில் தினமும் கேட்பாள்.

"நேத்தும் மூணுதானுங்க காட்டுனீங்க" என்றாள் அருக்காணி ஒருநாள். "வேற வெரல் இல்லீங்களா?"

பருவதம் அன்றோடு மூன்று விரலை விட்டு நான்குக்கு மாறினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குடியிருப்போர் குழுவில் அந்தச் செய்தி வந்தது. கண்ணாடி போட்ட பிள்ளைகளை இந்த வருடம் முதல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்களாம். அவசரம், எல்லாருக்கும் அனுப்பவும் என்று கீழே போட்டிருந்தது. யார் சொன்னது என்று போட்டிருக்கவில்லை. சென்னியப்பன் திரையைக் கை எட்டுகிற மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தான். அவன் எதையும் அப்படித்தான் வாசிப்பான். மகள் மடியில் ஏறினாலும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுதான் பார்ப்பான். அது ஒரு மிடுக்கு என்று அவனுக்கு நினைப்பு.

"பாத்தியா தேனு? அப்பவே சொன்னேன், இந்தக் கண்ணாடி ஒரு நாளைக்கு வெனையா வந்து நிக்கும்னு."

அவன் மனைவி தேன்மொழி தட்டில் பாசிப்பருப்புத் தோசையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங், குழுவுல வர்றதையெல்லாம் நம்புவீங்களா? போன வாரம் வெந்நீர்ல பெருங்காயம் போட்டுக் குடிச்சா கதிர்வீச்சு ஒட்டாதுன்னு வந்துச்சு. சொம்பு சொம்பாக் குடிச்சீங்க."

"ஒட்டுச்சா?"

"ரெண்டு நாளு வெளியவே போகலீங்களே, எப்படி ஒட்டும்?"

சென்னியப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒத்தைத் திருத்தம் ஒண்ணு சும்மாதான கெடக்குது. நாளைக்கே போயி செஞ்சுபோடலாம். இப்ப இருக்கற கண்ணுக்குச் செரியா வெச்சுட்டா கண்ணாடியே வேண்டாம்."

"அப்பறம் கண்ணு வளந்தா?"

"அப்ப அப்பப் பாத்துக்கலாம்."

எதையும் பத்து வருடம் தள்ளி யோசிக்கிற மனிதன் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததைக் கேட்டு தேன்மொழிக்குப் பயமாகிவிட்டது. திருத்தம் ஒன்றுதான். அதை இப்போதே செலவழித்தால் அப்புறம் கேட்டாலும் கிடைக்காது. பிள்ளையின் ஆயுசுக்கும் உள்ள பார்வை, யாரோ பேர் தெரியாத ஆள் அனுப்பிய ஒரு வரியில் போய்விடும் போலிருந்தது.

கண் மருத்துவர் லூர்துமேரிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒற்றைத் திருத்தம் கேட்டு வருகிற பெற்றோரை அவர் கதவைத் திறக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சென்னியப்பன் பேசி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவனை விட்டுவிட்டு அருக்காணியைப் பார்த்தார். அவள் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"இந்த கவுன் யாரு தம்பி தைச்சது?"

"நாந்தானுங்க" என்றான் சென்னியப்பன் பெருமையாக.

"தரையைக் கூட்டுதே."

"வளர்ற புள்ளைங்க டாக்டர். உள்ள துணி விட்டுத் தெச்சிருக்கறேன். இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கவலையில்ல. பத்துலீன்னா பிரிச்சு விட்டுக்கலாமுங்க."

"இந்தக் கண்ணையும் நான் அப்படித்தான் தம்பி தைச்சிருக்கேன். இன்னைக்குள்ள கண்ணுக்குத் தைக்கலை. இவ பெரியவளானப்புறம் வரப்போற கண்ணுக்கு, உள்ள துணி விட்டுத் தைச்சிருக்கேன். இன்னைக்குக் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும். அந்தத் தொளதொளப்பைத்தான் கண்ணாடி இழுத்துப் பிடிச்சிருக்கு. நீங்க இன்னைக்கு அளவுக்குப் பிடிச்சுத் தைக்கச் சொல்றீங்க. ஆறாங்கிளாஸ் போறப்ப இந்த கவுனு இவளுக்குப் பத்துமா?"

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. எத்தனையோ பேர் எத்தனையோ தடவை படம் போட்டு விளக்கியும் ஏறாத விஷயம் ஒரு நொடியில் ஏறிவிட்டது. தேன்மொழி மூச்சு விட்டாள். டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவசரப்பட்டுச் சாய்ந்துவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

"அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே!" என்றான் சென்னியப்பன். "இப்ப வெளங்கிருச்சுங்க. அப்பறம் ஏனுங்க டாக்டர் இத்தனை கம்மியா விட்டீங்க?"

"எதை?"

"துணியைத்தானுங்க. விடறது விட்டீங்க, இன்னுங் கொஞ்சந் தாராளமா விட்டிருக்கலாமுல்ல? இவ எங்க பக்கத்து வளத்தி. என் தங்கச்சி வாசப்படியில குனிஞ்சுதான் வருவா. அந்தத் திருத்தத்தைப் போட்டு நல்லாப் பெரிய கண்ணுக்கு வெச்சு வுட்ருங்க. ஒரு தடவை செஞ்சா ஆயுசுக்கும் ஆகோணும்."

"ஏனுங்!" என்றாள் தேன்மொழி. "கண்ணாடியக் கழட்டோணும்னுதானுங்க வந்தோம். பெருசா வெச்சா இன்னும் தடிக் கண்ணாடி போடோணும்!"

"அது சின்ன விசயம் தேனு. நாளைக்கு நடக்கறதைப் பாரு."

லூர்துமேரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, துணி வேற, கண்ணு வேற. கண்ணுக்கு ஒரு அளவு இருக்கு. ஆள் பனைமரம் மாதிரி வளர்ந்தாலும் கண்ணு அதுக்குத் தக்கன பெருசாகாது."

"அது பூமியிலீங்க. இங்க எடை கம்மி, எல்லாமே நல்லா வளரும்னு வந்துச்சே."

"எங்க வந்துச்சு?"

"குழுவுலீங்க."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். கண் அந்த அளவுக்கு வளராமல் போனால் பிள்ளைக்குக் கிட்ட இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது, மறுபடி மாற்றவும் முடியாது, சாகிறவரை தடிக் கண்ணாடிதான் என்று சொன்னார். மெதுவாகச் சொன்னார், உரக்கச் சொன்னார், தன் சொந்தத் தம்பியிடம் கெஞ்சுவதுபோலவும் சொன்னார். சென்னியப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இருந்தாலும் கொஞ்சம் சேத்தியே வெச்சுருங்க" என்றான். செவ்வாய்ச் சட்டப்படி பெற்றவர்களில் ஒருவர் கேட்டாலே திருத்தம் செய்தாக வேண்டும். மருத்துவர் எச்சரிக்கலாம், மறுக்க முடியாது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான்.

"சரி" என்றார் டாக்டர். "உக்காருங்க."

கண் சம்பந்தப்பட்ட எதையும் பிள்ளையை மடியில் வைத்துத்தான் செய்யவேண்டும் என்பது புதுத் திருப்பூர் வழக்கம். கண்திறப்புக்குத் தாய்மாமன் மடி. பிறகு பெற்றவர் மடி. இதுவரை கண் அளக்க வந்தபோதெல்லாம் தேன்மொழி மடியில்தான் அருக்காணி உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பனுக்கு அந்த நேரத்தில் எப்போதும் வேலை இருக்கும். இன்று திருத்தம் அவன் கேட்டது. அதனால் அவன்தான் திருத்து இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து மகளை மடியில் ஏற்றிக்கொண்டான். கவுன் அவன் முழங்காலைத் தாண்டி வழிந்தது. அருக்காணி கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அம்மாவின் கையைத் தடவித்தான் கண்டுபிடித்தாள்.

தேன்மொழி அந்தக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

திருத்துவதற்கு முன்னால் தன் எதிரே இருக்கிற கண்ணை இயந்திரம் ஒருமுறை அளக்கும். அது பழைய காலத்து இயந்திரம். அச்சில் வருகிற தமிழைத்தான் பேசும். பச்சை ஒளி ஒன்று அருக்காணியின் முகத்தில் மெதுவாக ஏறி, அங்கே நிற்காமல் மேலே போய், சென்னியப்பன் முகத்திலும் ஏறி இறங்கியது.

"அளவு முடிந்தது" என்றது இயந்திரம். "கீழே இரு கண்கள். வயதுக்கேற்ற வளர்ச்சி. வில்லை சரியாக வைக்கப்பட்டுள்ளது. திருத்தம் தேவையில்லை. மேலே இரு கண்கள். வில்லை மிகப் பெரிய கண்களுக்காக வைக்கப்பட்டுள்ளது. கண்கள் அந்த அளவுக்கு வளரவில்லை. உடனே திருத்தம் தேவை."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேலே உள்ள கண்களுக்கான திருத்தம் முன்பே செலவழிக்கப்பட்டுவிட்டது. வருந்துகிறேன்" என்றது.

சென்னியப்பன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான்.

"யாரைச் சொல்லுதுங்க இது?" என்றான் சென்னியப்பன்.

அருக்காணி தலையை நிமிர்த்தி அவன் மோவாயைப் பார்த்தாள். "அப்பா, நாந்தானுங்க கீழ இருக்கறேன்."

லூர்துமேரி எழுந்து வந்து அவன் எதிரே உட்கார்ந்தார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை. "தம்பி, உங்களுக்குத் திருத்தம் எப்ப பண்ணுனாங்க?"

"சின்ன வயசுலீங்க. பள்ளிக்கூடம் சேத்தறதுக்கு முன்னாடியே. எங்கப்பா அப்ப இருந்த டாக்டர்கிட்டச் சண்டை போட்டுச் செஞ்சு வுட்டாருங்க."

"என்ன சொல்லிச் சண்டை போட்டாரு?"

சென்னியப்பனுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. வீட்டில் பெருமையாகப் பலமுறை சொல்லிக் கேட்ட கதை. மடியில் வழிந்த கவுனின் ஓரத்தை மடித்து மடித்துப் பார்த்தான். "பையன் நல்லாப் பெருசா வளருவான், பெரிய கண்ணா வெச்சு வுடுங்கன்னு" என்றான் கடைசியில்.

"வளந்தீங்களா?"

"ஆளு வளந்தேனுங்க."

"கண்ணு வளரலை தம்பி."

புதுத் திருப்பூரில் பிள்ளைகளின் கண்ணை வருடத்துக்கு மூன்று தடவை அளந்தார்கள். தோளுக்கு மேல் வளர்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்ட பெரியவர்களின் கண்ணை யாரும் அளக்கவில்லை. கேட்டால் நேரமில்லை என்பார்கள். சென்னியப்பன் உலகத்தில் எல்லாருக்கும் கிட்டத்தில் இருப்பது புகையாகத்தான் தெரியும் என்று எண்ணியிருந்தான். கை எட்டாத தூரத்தில் இருப்பதுதான் அவனுக்கு ஓரளவு தெளிவு. எழுத்தைத் தள்ளிப் பிடித்தான், மகளைத் தள்ளிப் பிடித்தான், சுண்ணக்கட்டியால் தான் குறித்த அளவு தெரியாத இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சுற்று வெளியே தள்ளிக் கோடு போட்டான். அதற்குத்தான் ஊரெல்லாம் முன்யோசனை என்று பெயர் வைத்திருந்தது.

டாக்டர் பெட்டியைத் திறந்து சோதனைச் சட்டம் ஒன்றை எடுத்து அதில் தடித்த கண்ணாடிகளைச் செருகி அவன் மூக்கில் மாட்டினார். "இப்ப மடியில இருக்கறவளைப் பாருங்க. தலையைப் பின்னால இழுக்காதீங்க. குனிஞ்சு பாருங்க."

சென்னியப்பன் குனிந்தான்.

மகளின் முகம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. அறையின் அந்தக் கோடியில் அவள் விளையாடும்போது பார்த்திருக்கிறான். சுவர்த்திரையில் படமாகப் பார்த்திருக்கிறான். மடியில் இருக்கும்போது அவளுக்கு முகம் இருந்ததில்லை. வெதுவெதுப்பும் கேள்விகளும்தான் இருந்தன. இப்போது இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உதட்டு ஓரத்தில் காலையில் சாப்பிட்ட தோசையின் துணுக்கு ஒட்டியிருந்தது. இடது புருவத்தை ஒரு சின்னத் தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது.

"இது எப்ப பட்டுது?" என்று தழும்பைத் தொட்டான்.

"நடக்கப் பழகறப்ப" என்றாள் தேன்மொழி. "உங்க மடியில இருந்துதானுங்க வுழுந்தா. டீப்பாய் முனை பட்டுச்சு. ரத்தமெல்லாம் வந்துச்சு. 'எங்க அடி, ஒண்ணையுங் காணமே'ன்னு கேட்டீங்க. நீங்க ஒரு கல்லு மனுசன்னு அன்னிக்கு நெனச்சேன்."

சென்னியப்பன் அழுதான். கட்டிங் மாஸ்டர், முன்யோசனைக்காரன், மகளைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளையாக அழுதான். சோதனைக் கண்ணாடி ஆவி படிந்து மறுபடி எல்லாம் புகையாகிவிட்டது. டாக்டர் அதைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டார்.

"திருத்தத்தை எப்படி வைக்கட்டும் தம்பி?" என்று கேட்டார். "பெரிய கண்ணுக்கா? இன்னைக்குள்ள கண்ணுக்கா?"

"அது கெடக்கட்டுமுங்க" என்றான் சென்னியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவளே பெருசாகி வந்து கேக்கட்டும். அவ கண்ணு."

லூர்துமேரி போய் இயந்திரத்தை அணைத்தார். அணைவதற்கு முன் அது, "நன்று" என்றது. அப்படிச் சொல்லும்படி யாரும் அதற்கு நிரல் எழுதியதாகத் தெரியவில்லை.

மகளின் கண்ணாடியைக் கழற்ற வந்த மனிதன் தானும் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு வீடு திரும்பினான். அதுவும் தடிக் கண்ணாடி. அதற்குப் பின்னால் அவனுடைய கண்களும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தன. மின்தூக்கியில் பருவதம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான்கு விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மாஸ்டரே, இது எத்தனை?"

பக்கத்தில் நின்ற அருக்காணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாலுன்னு சொல்லீருங்கப்பா. இல்லீன்னா வுடமாட்டாங்க."

மறுநாள் தையற்கூடத்தில் சென்னியப்பன் தன் சுண்ணக்கட்டிக் கோடுகளை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தான். இத்தனை வருடமும் எங்கே கோடு போட்டிருக்கிறோம் என்று பார்த்ததும், மேசையில் இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டான். அன்றிலிருந்து அளவெடுத்த மாதிரி உடைகள் வந்தன. ஊர்க்காரர்கள் கவிகைக்கு வெளியே ஆட்களாக நடமாட ஆரம்பித்தார்கள். ஒரு வாரத்துக்குள் புகார் வந்துவிட்டது. மாஸ்டர் முன்னைமாதிரி இல்லை, துணியை மிச்சம் பிடிக்கிறார், உள்ளே பிரித்து விட ஒன்றுமே இல்லை என்றார்கள். குழுவிலும் அது வந்தது, அவசரம் என்ற தலைப்போடு.

பள்ளிக்கூடம் சேர்க்கிற நாள் வந்தது. கண்ணாடி போட்ட பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள் என்ற செய்திக்கு வேரும் இல்லை, தூரும் இல்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள உட்கார்ந்திருந்த ஆசிரியையே மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி வைத்திருந்தார். அருக்காணியைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் பேர் என்னம்மா?"

"அருக்காணிங்க."

"எத்தனை வயசு? விரலை விட்டுக் காட்டு பார்க்கலாம்."

அருக்காணி கையை உயர்த்தினாள். ஆசிரியை பார்த்தார். கண்ணாடியை மூக்கில் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தேன்மொழி மெதுவாகத் திரும்பிக் கணவனை முறைத்தாள். சீருடையை அவன்தான் தைத்திருந்தான், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக.

"ஏனுங்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்பத்தான் கண்ணு நல்லாத் தெரியுதுல்ல?"

"தெரியுது, தெரியுது. தெரிஞ்சுதான் தெச்சேன்" என்றான் சென்னியப்பன். "வளர்ற புள்ளை."

அருக்காணிக்கு அலுத்துவிட்டது. உயர்த்திய கையை அப்படியே அப்பாவின் பக்கம் திருப்பி, அவன் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா, நீங்களே சொல்லுங்க. இது எத்தனை?"

சென்னியப்பன் தலையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. குனிந்து, கிட்டத்தில் வைத்து, நன்றாகப் பார்த்தான். விரல் ஒன்றுகூடத் தெரியவில்லை. விரல்களைத் தாண்டித் தொங்கிய சட்டைக்கையின் ஓரத்தில், மூன்று மடிப்பு மடித்து அடித்திருந்த தையல் மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.